எரிகோ மதிலும் எங்கள் சபைக் கிணறும்

எரிகோவின் மதில் விழவே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொன்னதால்தான் என்னை ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள் என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அது பொய். மதில் விழுந்தது என்றுதான் சொன்னேன். எப்போது விழுந்தது என்பதில்தான் தகராறு. அந்தத் தகராறுக்காகக் கூட என்னை நிறுத்தவில்லை. கடைசியில் நிறுத்தியது எங்கள் சபைக் கிணற்றுக்காக. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். பேர் யாருக்கும் போடவில்லை. போட்டால் ஊரில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் என் பேர் ஏன் இல்லை என்று வருவார்கள்.

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற சாலையில் எங்கள் தெரு. கிணறு வெட்டுவது எங்கள் பிழைப்பு. என் புருஷன் கடப்பாரை பிடிப்பார். நானும் இன்னும் இரண்டு பெண்களும் மண் சுமப்போம். மொத்தம் ஆறு பேர் எங்கள் செட்டில். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லும் வேலையைப் பழைய போதகர் எனக்குக் கொடுத்திருந்தார். கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கொட்டகை. ஒரு கை உடைந்த நாற்காலி. அதில் நான் உட்காருவேன், பிள்ளைகள் தரையில். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் என்னை "டீச்சர்" என்று கூப்பிடுவார்கள். மற்ற ஆறு நாளும் யார் வயலில் வேலையோ அவர் "ஏய், கூடைக்காரி" என்பார். பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது எனக்கு என்ன என்று இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் மழை ஏமாற்றியது. அந்த வருஷம்தான் எங்கள் சபைக்கு நூறு வருஷம். தாது வருஷப் பஞ்சத்தின்போது வந்த வெள்ளைக்கார மிஷனரி ஒருவர் பிறகு கட்டிய சபை. விழாவுக்கு முன்னோட்டமாகச் சென்னையிலிருந்து ஒரு பிரசங்கியாரை வரவழைத்தார்கள். அவர் ஒரு பெட்டியில் ஸ்லைடு படங்கள் கொண்டு வந்தார். கோயில் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஜன்னலுக்கெல்லாம் சாக்கு மாட்டி இருட்டாக்கி, படம் காட்டினார். பாலைவனம், ஒட்டகம், பிறகு ஒரு பெரிய பள்ளம். பள்ளத்துக்குள் இடிந்த செங்கல் சுவர்.

"இதுதான் எரிகோ! யோசுவா எக்காளம் ஊதி விழவெச்ச மதில்! விஞ்ஞானம் முழங்கால் போட்டு ஒத்துக்கொண்டது!" என்று கத்தினார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். புதுப் போதகர் எழுந்து, "மலை மேல இருக்கிறவங்க கதைக்கு இப்படி அத்தாட்சி காட்ட முடியுமா?" என்று கேட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. முருகனைக் கும்பிட மலைக்குப் போகிறவர்கள் எங்களிடம் அத்தாட்சி கேட்டு வந்ததில்லை. நாங்களாக ஏன் போட்டி போட வேண்டும்?

அடுத்த ஞாயிறு வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். நெசவுக்காரர் வீட்டுப் பெண். அந்த வீட்டுப் பிள்ளைகள் எதையும் திருப்பிப் பார்த்து, நூல் இழுத்துப் பார்த்துத்தான் நம்பும்.

"டீச்சர், அந்த மதிலு யோசுவா காலத்து மதிலுதான்னு அந்தப் பெரியவருக்கு எப்படித் தெரியும்? அதுல எழுதிகீதா?"

பிள்ளைகள் சிரித்தன. நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு டார்ச் லைட் பேட்டரி ஞாபகத்துக்கு வந்தது.

அதைச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு ரெட்டியார் வயலில் பழைய கிணற்றை அகலப்படுத்தினோம். கிணற்றைச் சுற்றிக் கருங்கல் கட்டு. "எங்க தாத்தா கட்டினது. இந்த மாதிரி கட்டு இந்தச் சுத்துவட்டாரத்துலயே இல்ல" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டு மேலே நின்றார். கட்டைப் பிரித்துக்கொண்டே போனோம். அடி வரிசைக் கல்லுக்குப் பின்னால், மண் நிரப்பியிருந்த இடத்தில், துருப்பிடித்த டார்ச் பேட்டரி ஒன்று உட்கார்ந்திருந்தது. என் புருஷன் அதைக் கூடையில் போட்டு மேலே அனுப்பி, "சாமி, உங்க தாத்தா டார்ச் அடிச்சிகினா கட்டினாரு?" என்று கேட்டார். ரெட்டியாருக்கு முகம் சுண்டிவிட்டது. கட்டு அவருடைய அப்பா காலத்தில் யாரோ ஒப்பந்தக்காரர் போட்டதாம். பிறகு ஒத்துக்கொண்டார்.

எங்கள் தொழிலில் இது தெரியாதவன் செத்துப்போவான். சுவர் எவ்வளவு பழசு என்று சுவர் சொல்லாது. சொந்தக்காரன் சொல்வதை நம்பக் கூடாது. சுவருக்குப் பின்னால் என்ன கிடக்கிறது, அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் எந்தப் பக்கம் சரியும், எந்தப் பக்கம் நிற்கும் என்று முடிவு செய்வோம். அந்தப் பிரசங்கியார் மேலே நின்று மீசை தடவுகிற ஆளா, கீழே இறங்கிப் பார்த்த ஆளா? அதுதான் என் கேள்வி.

"தெரியாது. கேட்டுகினு வந்து சொல்றேன்" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

என் அண்ணன் அரக்கோணம் ரயில்வேயில் பிட்டர். யூனியன் ஆள். கோயிலுக்கு வருவதை விட்டுப் பல வருஷம். இங்கிலீஷ் படிப்பான். தொழிலாளர் படிப்பகத்தில் உட்கார்ந்து தலையணை மாதிரிப் புத்தகங்களைப் படிப்பான். காலை வண்டி பிடித்துப் போனேன்.

"வாம்மா தங்கச்சி. ஆண்டவர் எப்படி கீறாரு?"

"நல்லா கீறாரு. உன்னத்தான் கேட்டாரு. இன்னும் உயிரோட கீறானான்னு."

விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு ஒரே குஷி. படிப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னான். முப்பதுகளில் ஒருவர் எரிகோவைத் தோண்டி இதுதான் யோசுவாவின் மதில் என்று அறிவித்தாராம். பிரசங்கியார் வைத்திருந்தது அந்தக் கதைதான். பிறகு ஐம்பதுகளில் ஒரு வெள்ளைக்கார அம்மா அதே இடத்தைத் திரும்பத் தோண்டினார். மண் அடுக்கை அடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் கிடந்த பானை ஓட்டைத் தனித்தனியாக எடுத்து வைத்தார். பானையின் வாயும் வளைவும் காலத்துக்குக் காலம் மாறும். அதை வைத்துப் பார்த்தால் அந்த மதில் யோசுவா காலத்துக்கு ஆயிரம் வருஷம் போல முந்தியது. யோசுவா வந்திருக்க வேண்டிய காலத்தில் அங்கே பெரிய ஊரே இருந்ததாகத் தெரியவில்லை.

பேட்டரி. எனக்கு உடனே புரிந்தது. அந்த அம்மா கூடை சுமந்தாளோ இல்லையோ, கூடையில் என்ன வருகிறது என்று பார்த்தவள்.

"முடிஞ்சிதா?" என்றான் அண்ணன். "மொத்தமும் பீலா. இஸ்ரவேலாவது, எகிப்தாவது. போய் உங்க பாதிரி ஐயருகிட்ட சொல்லு."

"புஸ்தகம் இவ்ளோ தடியா கீது. நீ ஒரு பக்கம் படிச்சிட்டு முடிஞ்சிதுன்ற. மீதியப் படி."

"மீதி உனக்கு எதுக்கு?"

"உனக்குப் புடிச்ச பக்கத்த மட்டும் படிக்கறதுக்கு நீ எதுக்குடா? அதுக்குத்தான் பிரசங்கியாரு கீறாரே."

முறைத்தான். படித்தான். அன்றைக்கும், அதற்கு அடுத்த இரண்டு வாரமும் வேலை இல்லாத நாளில் போய் அவனைப் படிக்க வைத்தேன். எகிப்திலிருந்து பெருங்கூட்டம் புறப்பட்டு வனாந்தரத்தில் நாற்பது வருஷம் திரிந்ததற்குத் தடயம் எதுவும் கிடைக்கவில்லையாம். அதை அவன் ருசித்துப் படித்தான். எகிப்து ராஜா ஒருவன் தன் வெற்றிகளைக் கல்லில் வெட்டி வைத்ததில் இஸ்ரவேல் என்ற பேர் இருக்கிறதாம், அது மூவாயிரம் வருஷத்துக்கும் மேலே பழசாம். அதை முணுமுணுத்தான். "சத்தமாப் படி" என்றேன். அந்த ராஜா இஸ்ரவேலை அழித்துவிட்டதாகப் பீற்றிக்கொள்கிறான். அழிக்கவில்லை என்று நமக்குத் தெரியும். அப்படியானால் கல்லில் வெட்டினாலும் பொய் பொய்தான். ஆனால் அப்படி ஒரு ஜனம் அங்கே இருந்தது என்பதற்கு அவனுடைய பீற்றலே சாட்சி. இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒன்று பொய் என்றால் எல்லாம் பொய் என்கிறவனும், ஒன்று நிஜம் என்றால் எல்லாம் நிஜம் என்கிறவனும் கிணற்றுக்குள் இறங்க லாயக்கில்லாதவர்கள்.

மூன்றாவது வாரம்தான் அந்தச் சுரங்கத்தைப் படித்தான். எசேக்கியா ராஜா எருசலேமுக்குள் தண்ணீர் கொண்டுவர வாய்க்கால் உண்டாக்கினான் என்று வேதத்தில் ஒரு வரி இருக்கிறது. நாளாகமத்தில் இன்னொரு வரி. அவ்வளவுதான். யாரும் பிரசங்கம் பண்ணாத வரி. அந்தச் சுரங்கம் இன்றும் இருக்கிறது. பாறையைக் குடைந்து, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமும் வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். உள்ளே பாறையில் எழுத்து வெட்டியிருந்ததாம். இன்னும் மூன்று முழம் பாக்கி இருக்கும்போது அந்தப் பக்கத்து ஆள் கூப்பிடுகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்டதாம். வெட்டினார்களாம், கருவியோடு கருவி மோதியதாம், தண்ணீர் ஓடியதாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு முறை கிணற்றடியில் மண் வாரிக்கொண்டிருந்தபோது பாறைக்குள்ளிருந்து டொக், டொக் என்று கேட்டது. பேய் என்று ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். பக்கத்து வயல் கிணற்றில் இன்னொரு செட்டு வெட்டிக்கொண்டிருந்தது. பாறை சத்தத்தைக் கடத்தும். அது புத்தகம் எழுதுகிறவனுக்குத் தோன்றாது. வெட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

"அதுல ராஜா பேரு போட்டுகீதா?" என்று கேட்டேன்.

அண்ணன் திரும்பப் பார்த்தான். "இல்ல."

"கடவுள் பேரு?"

"இருக்கற எழுத்துல அதுவும் இல்ல. வெட்னவங்கள பத்தி மட்டும்தான் கீது."

அன்றைக்கு ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். வேதத்தில் ராஜா பேர் இருக்கிறது, வெட்டியவர்கள் இல்லை. பாறையில் வெட்டியவர்கள் இருக்கிறார்கள், ராஜா பேர் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் முழுசாகத் தெரிகிறது.

வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். மதிலைப் பற்றிச் சொன்னேன், பேட்டரியைக் காட்டினேன் (என் புருஷன் அதைக் கூரை எறவாணத்தில் செருகி வைத்திருந்தார்), எகிப்துக் கல்லைச் சொன்னேன், சுரங்கத்தைச் சொன்னேன். பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தட்டி விளையாடின. அந்த வாரமே சபைக் கமிட்டிக்காரர் ஒருவருடைய பேரன் வீட்டில் போய், "தாத்தா, எரிகோ மதிலுக்குள்ள பேட்டரி இருந்துச்சாம்" என்று சொல்லிவிட்டான். தீர்ந்தது.

போதகர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்தான். கமிட்டிக்குப் பயந்தவர்.

"இங்க பாரும்மா, உனக்கு அறிவு இருக்கு. ஆனா பிள்ளைங்க விசுவாசம் கண்ணாடி மாதிரி."

"கண்ணாடின்னா நாளைக்கு ஒடியும் ஐயா. யாராவது காலேஜுல ஒடிப்பான். அப்போ நம்மளத்தான் பொய்க்காரங்கன்னு சொல்லும் அதுங்க."

"கமிட்டி உன்னை எடுக்கச் சொல்றாங்க." எழுந்து கதவைச் சாத்தினார். "ஒரு வழி இருக்கு. நூற்றாண்டு விழாவுக்குச் சபைக் கிணத்தை ஆழப்படுத்தப் போறோம். உங்க செட்டுதான் இறங்கப் போகுது. நீ இறங்கிப் பாரு. விழா ஞாயித்துக்கிழமை சாட்சி நேரத்துல எழுந்து, அந்தப் பாறை பிளந்த இடத்தைக் கண்ணால பார்த்தேன்னு சொல்லு. அது நிஜந்தானே? அதோட எல்லாரும் பழசை மறந்துடுவாங்க."

எங்கள் சபைக் கிணற்றின் கதை இது: பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது அந்த மிஷனரி துரை பாறை மேல் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார். எழுந்து கைத்தடியால் பாறையை அடித்தார். மோசேக்குப் பிளந்த மாதிரி பாறை பிளந்து தண்ணீர் வந்தது. ஒரே நாளில். கோயில் சுவரில் படமே எழுதியிருக்கிறது. துரை தடியோடு நிற்பார், கீழே எங்கள் ஜனங்கள் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கையில் ஒரு கூடை கூட இருக்காது.

"பாத்தா சொல்றேன் ஐயா" என்றேன். எனக்கு நாற்காலி வேண்டும். அதை மறைக்கவில்லை. பாறையில் ஒரு பிளவு இருக்கும், பிளவைப் பார்த்தேன் என்று சொல்வது பொய்யாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சேறு வார எட்டு நாள் ஆனது. அடியில் ஒரு பக்கமாகப் பாறையில் நீளமான பிளவு இருந்தது. அதிலிருந்துதான் ஊற்று. சரி, பிளவு இருக்கிறது. ஆனால் அதற்கு மேலே, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, பாறையில் ஒரு மேடை மாதிரி விட்டிருந்தது. மேடைக்குப் பின்னால் சேறும் வேரும் அடைத்த ஒரு ஓட்டை. வாரிப் பார்த்தால் ஓட்டை உள்ளே போகிறது. என் புருஷன் தோள் அகலமானவர், நுழைய முடியவில்லை. நான் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நுழைந்தேன்.

பக்கவாட்டில் குடைந்த சுரங்கம். நான்கு முழம் நீளம் இருக்கும். ஊற்றுத் தேடி வெட்டியது. இரண்டு பக்கமும் கடப்பாரைத் தடம், தடத்தின் மேல் தடம், கோழி கிளறின மாதிரி. வெடிமருந்து வைக்கத் துளைக்கிற தமர்க்குழி ஒன்று கூட இல்லை. எல்லாம் கையால். கூரையில் கறுப்பாக விளக்குப் புகை. கடைசியில் முழுப் பாறை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரு ஆள் மட்டும் மண்டியிட்டு வெட்டக் கூடிய இடம் அது. எத்தனை வாரம் மண்டியிட்டானோ. தண்ணீர் கிடைக்காமல் திரும்பி வந்து, மேடையில் நின்று, மறுபடி கீழே வெட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். மேடையிலிருந்து கீழே போகக் காலடிக் குழிகள் வெட்டியிருந்தது. நெருக்கமாக, சின்னச் சின்னதாக. என் கால் சரியாக உட்கார்ந்தது. என் புருஷன் கால் பாதி வெளியே நின்றது.

ஒரே நாளாம். தடியாம்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் எரியும். நூறு வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஜனங்களைத்தான் கைகூப்பிக் கும்பிட வைத்து வரைந்திருக்கிறான்.

பிளவுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கிடைத்தது. பாறை இடுக்கில் கடப்பாரை முனை ஒன்று ஒடிந்து சிக்கியிருந்தது. கழற்றி எடுத்தேன். கையளவு துருப்பிடித்த இரும்பு. அதை விழாவில் எல்லோர் முகத்துக்கும் முன்னால் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். "பாறையைப் பிளந்தது இதுதான், தடி இல்லை." என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடமே பண்ணிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் சோற்றில் கை வைத்துக்கொண்டே பார்த்தார்.

"இன்னாமே அது?"

"மொதல்ல வெட்டினவங்க கடப்பாரை. ஊத்துப் பக்கத்துல சிக்கிகினு இருந்துச்சி."

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். "அட, இதுவா! எங்க நைனா ஒடிச்சது. அடியில தமரு போட்டு ஆழம் பண்ணாங்களே, அப்போ. நான் மேல நின்னு சிரிச்சேன்னு ஏறி வந்து அறைஞ்சாரு. இந்தக் காதுதான்."

"நெசமாவா?"

"காத தொட்டுப் பாரு, இன்னும் கொய்ங்குது."

"அந்தப் பொந்து? அதுவும் உங்க நைனாவா?"

"இல்ல இல்ல. அது அதுக்கு முன்னாடியே கீதுன்னு சொல்வாரு. யாரு வெட்டினதுன்னு அவருக்கும் தெரியாது."

எனக்கு அழுகை வந்தது. இந்த இரும்பு ரெட்டியாருடைய பேட்டரி. நான்தான் மேலே நின்று மீசை தடவிக்கொண்டிருந்தேன். ஒரு கணம், இவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்குத் தெரியுமே. இரும்பை எறவாணத்தில் பேட்டரிக்குப் பக்கத்தில் செருகினேன்.

விழாவுக்கு அண்ணன் வந்திருந்தான். நான் சண்டை போடப் போகிறேன் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தான். கடைசி பெஞ்சு. சாட்சி நேரத்தில் போதகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்தேன்.

"கெணத்துக்குள்ள எறங்கிப் பாத்தேன். அடியில பாறையில பொளவு கீது. தண்ணி அதுலதான் வருது" என்றேன். "ஸ்தோத்திரம்" என்றார்கள். "இன்னும் முடிக்கல" என்றேன்.

சுரங்கத்தைச் சொன்னேன். விளக்குப் புகையைச் சொன்னேன். காலடிக் குழியைச் சொன்னேன். "இது ஒரு நாள்ல வெட்டினது இல்ல. தண்ணி இல்லாம ரொம்ப நாளு வெட்டிகீறாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. துரை வர்றதுக்கு முன்னாடியா பின்னாடியா, அதுவும் தெரியாது. நம்ம ஜனமாத்தான் இருக்கும்னு என் மனசு சொல்லுது, ஆனா அத்தாட்சி இல்ல. ஒரு ஒடஞ்ச கடப்பாரை கெடச்சிது, அது என் மாமனாருது, அத கணக்குல சேக்கக் கூடாது. துரை ஜெபம் பண்ணாரா? பண்ணியிருப்பாரு. ஜெபத்துக்குத் தடம் இருக்காது, அதனால நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாறையில கீறது கடப்பாரைத் தடம். அந்தப் படத்துல ஒரு கடப்பாரை கூட இல்ல. அத வரைஞ்சவன் எறங்கிப் பாக்கல."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எருசலேம் சுரங்கத்தைப் பற்றியும் சொல்ல வாய் திறந்தேன். பாடகர் குழுத் தலைவர் ஆர்மோனியத்தை அமுக்கிவிட்டார்.

வெளியே அண்ணன் பிடித்துக்கொண்டான். "கடப்பாரை உன் மாமனாருதுன்னு எதுக்கு சொன்ன? எவனுக்குத் தெரியும்? தூக்கிக் காட்டியிருந்தா கத முடிஞ்சிருக்கும்!"

"நீயும் அந்தத் துரை மாதிரி தடி வெச்சிகினுதான் கீற" என்றேன். அவன் பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை நாங்கள் கிணற்றில் கடைசி வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். போதகர் ஒரு தாளோடு வந்தார். கமிட்டி எழுதிக் கொடுத்தது. நான் அறியாமல் பேசிவிட்டேன், சபையின் பாரம்பரியத்தை அவமதித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று நாலு வரி. அடுத்த ஞாயிறு வாசித்தால் நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் கமிட்டிக்காரர் மருமகளுக்கு.

"படிச்சிடும்மா. நாலு வரிதானே" என்றார். நிஜமாகவே கெஞ்சினார்.

"ஐயா, நான் அறியாம பேசல. அறிஞ்சிதான் பேசினேன். நீங்க ஒரு வாட்டி எறங்கிப் பாருங்க. கயிறு கீது, ஏணி கீது, நான் கூட வர்றேன். பொந்துக்குள்ள நுழைய வேணாம், வாயில நின்னு டார்ச் அடிச்சிப் பாத்தாப் போதும். ஒரு நாள் வேலைன்னு உங்க கண்ணு சொல்லிச்சின்னா, இந்த நாலு வரி இல்ல, நாப்பது வரி படிக்கறேன்."

என் புருஷன் ஏணியை நேராகப் பிடித்தார். "வாங்க ஐயா, நான் புடிச்சிகிறேன். வழுக்காது."

போதகர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்று விளிம்பு வரை வந்தார். எட்டிப் பார்த்தார். கீழே புது ஊற்று இரண்டு முழம் ஏறியிருந்தது. வெகுநேரம் பார்த்தார். இறங்குவார் என்று நினைத்தேன். இப்போதும் சொல்கிறேன், இறங்கலாமா என்று அவர் மனசுக்குள் ஓடியது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு மதியம் உளியை எடுத்துக்கொண்டு நான் மேடைக்கு இறங்கினேன். சுரங்க வாய்க்கு மேலே வெட்டினேன். அந்த வருஷம், அதற்குக் கீழே "ஆறு பேர் ஆழப்படுத்தினோம்". பொந்து எங்களுடையது இல்லை என்று காட்டப் பொந்தின் பக்கம் ஒரு அம்புக்குறி போட்டு "இது முந்தியது" என்று வெட்டினேன். என் பேர் வெட்டவில்லை. அடுத்து இறங்குகிறவள் என்னை மாதிரி ஏமாறக் கூடாது, அதற்குத்தான். வெட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் தண்ணீர் அதை மூடிவிட்டது.

நாற்காலி போய்விட்டது. நூற்றாண்டு மலரில் துரையின் தடி அட்டைப்படமாக வந்தது. நான் இன்றும் அதே கோயிலுக்குத்தான் போகிறேன், அதே ஜெபத்தைத்தான் சொல்கிறேன். விட்டுவிடுவேன் என்று எதிர்பார்த்த அண்ணனுக்கும், விட்டால் தேவலை என்று நினைக்கிற கமிட்டிக்கும் சேர்த்துத்தான் போகிறேன். முன் பெஞ்சில், அந்தப் படத்துக்கு நேர் எதிரே உட்காருகிறேன். படத்தை இன்னும் மாற்றவில்லை. அந்தப் பெண், நெசவுக்காரர் வீட்டுப் பெண், என் நாற்காலி போன அடுத்த ஞாயிறே புது டீச்சரிடமும் கை தூக்கினாளாம்.